மூன்றாவது ரிங் அடித்தால் எடுக்கணும்

சென்ற வாரம் இந்தப் பத்தியை நீங்கள் படித்தீர்களோ இல்லையோ, அது அச்சானது என்னவோ நிஜம். ஆனால் அது பத்திரிகை ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்த கதை இருக்கிறதே... அதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். உங்களை விட்டால் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

மும்பையில் மழை. மழை வந்தால் மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்து டெலிபோன் கம்பிக்கு ஜலதோஷம் பிடித்துவிடும். எப்போதும் கரகரவென்று ஒரு சத்தம். மனுஷர்கள் கத்திப் பேசிச் சமாளிக்கலாம். கம்ப்யூட்டர் மோடம் அவ்வளவு பொறுமைசாலி இல்லை. இரண்டு தடவை கீச் கீச்சென்று கத்திவிட்டு மூர்ச்சை போட்டு விழுந்துவிடும். எழுதி முடித்த பத்தி கம்ப்யூட்டரில். ஆசிரியர் சென்னையில். நடுவில் அரபிக்கடலே இறங்கிக் கொட்டுகிறது.

இந்த மாதிரி நாட்களில் எனக்கு ஒரே கதி செண்பகம் அக்கா.

செண்பகம் அக்கா என்னைவிட வயதில் நிறையவே சின்னவர். ஆனாலும் அக்காதான். தாராவியில், மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் அவர் இருக்கும் சந்தில் பல் போன தாத்தாக்கள்கூட அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் மட்டும் என்ன உசத்தி? திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். சந்து முனையில் ஒரு எஸ்.டி.டி. பூத் வைத்திருக்கிறார். அதை ஒட்டி ஒரு ஜெராக்ஸ் மெஷின். போன வருஷத்திலிருந்து ஒரு கம்ப்யூட்டரும் உண்டு. என் ஃப்ளாப்பியை எடுத்துக்கொண்டு போனால் பத்தியை அங்கிருந்து அனுப்பிவிடலாம். கூடவே ஒரு கட்டிங் சாயும், அதாவது அரை கிளாஸ் டீயும், கிடைக்கும்.

கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து அக்காவுக்கு ஒரு சங்கடம். யாராவது நெட்டில் உட்கார்ந்தால் போன் எங்கேஜ்டு. யாராவது ஊரிலிருந்து போன் செய்ய முயற்சி செய்தால் மணிக்கணக்கில் எங்கேஜ்டு. “அக்கா போன் எப்பவும் எங்கேஜ்டு” என்று நாங்குநேரி தாலுகாவே பேசிக்கொள்ளும் அளவுக்கு ஆகிவிட்டது.

ஏன் நாங்குநேரி தாலுகா பேச வேண்டும் என்கிறீர்களா? அந்தச் சந்தில் போன் இல்லாத வீடுகளுக்கெல்லாம் அக்காவின் நம்பர்தான் பி.பி. நம்பர். கல்யாணப் பத்திரிகையில் போடுவார்கள், பிள்ளைகளின் வேலை விண்ணப்பத்தில் போடுவார்கள். ஊரிலிருந்து போன் வந்தால் அக்கா, “பத்து நிமிஷம் கழிச்சுப் போடுங்க, கூப்பிட்டு வைக்கேன்” என்று சொல்லி வைத்துவிட்டு, வாசலில் நின்று ஒரு குரல் கொடுப்பார். அந்தக் குரலுக்கு மைக் தேவையில்லை. மறுபடி போன் அடிக்கும்போது உரியவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு தயாராக நிற்பார்.

இந்தச் சங்கடத்துக்கு யாரோ சொன்ன மருந்துதான் ஐ.எஸ்.டி.என். அதே கம்பிதான். ஆனால் ஒரே நேரத்தில் அதில் இரண்டு பேச்சு போகும். ஒன்றில் நெட், இன்னொன்றில் போன். அக்கா உடனே விண்ணப்பம் போட்டார். ஒரே ஒரு நிபந்தனை — நம்பர் மாறக் கூடாது. “நம்பர் மாறினா எத்தனை வீட்டுக்கு அட்ரஸ் மாறும், தெரியுமா மாமி?” நம்பர் மாறாமல் கிடைப்பதற்காக எக்ஸ்சேஞ்சுக்கு நடையாய் நடந்தார். கிடைத்தும் விட்டது.

லைன் வந்தால் போதுமா? வீட்டிலிருக்கும் பழைய போனும் கம்ப்யூட்டரும் பேசும் பாஷை வேறு, இந்தப் புது லைன் பேசும் பாஷை வேறு. நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்க்க ஒரு பெட்டி வேண்டும். டெர்மினல் அடாப்டர் என்று பெயர். அக்கா அதை டப்பா என்கிறார். நாமும் டப்பா என்றே வைத்துக்கொள்வோம், வாய் வலிக்காது.

டப்பா உல்லாஸ்நகரிலிருந்து வந்தது. விற்றவரே வந்து மாட்டினார். மாட்டியதும் டப்பாவில் ஒரு சின்ன விளக்கு மினுக் மினுக்கென்று மினுக்கியபடியே இருந்ததாம். எக்ஸ்சேஞ்சோடு அது ஒட்டவே இல்லை. காரணம் என்ன தெரியுமா? எந்த வகை எக்ஸ்சேஞ்சோடு பேசப் போகிறாய் என்று டப்பாவுக்கு முதலில் சொல்ல வேண்டும். அமெரிக்க எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு பழக்கம், ஐரோப்பிய எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு பழக்கம். வந்தவர் பட்டியலில் முதலில் இருந்த அமெரிக்காவை அமுக்கியிருக்கிறார். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, கடைசியில் ஐரோப்பா என்று வைத்ததும் விளக்கு நின்று எரிந்தது. ஐரோப்பா என்று சொன்னால்தான் தாராவிக்கு லைன் வருகிறது — என்ன உலகம் பாருங்கள்!

அப்புறம் டப்பா, உன் நம்பர் என்ன என்று கேட்டது. அக்கா சொன்னார். வந்தவர் தட்டினார். டெஸ்ட் செய்ய ஊருக்கே ஒரு போன் போட்டார்கள். பக்கத்து வீட்டில் பேசுவது போல அவ்வளவு தெளிவு. சந்து முழுக்கப் பேடா கொடுத்தார் அக்கா. ஒரே நேரத்தில் ஒருவர் நெட்டில், ஒருவர் போனில். எல்லாம் சுபம்.

சுபமா? வாருங்கள், டப்பா மாட்டி இரண்டு நாள் கழித்து வந்த போன செவ்வாய்க்கிழமைக்குப் போவோம்.

காலையில் வீட்டிலிருந்து அக்காவுக்குப் போன் செய்தேன், வரலாமா என்று கேட்க. எங்கேஜ்டு. காபி குடித்துவிட்டுச் செய்தேன். எங்கேஜ்டு. குளித்துவிட்டு, சமைத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு... எங்கேஜ்டு, எங்கேஜ்டு, எங்கேஜ்டு. எனக்குக் கோபமான கோபம். இரண்டு பேர் பேசலாம் என்றுதானே புது லைன்? அதையும் அடைத்துக்கொண்டு அப்படி யாரோடுதான் பேச்சு? குடையை எடுத்துக்கொண்டு, புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, நேரிலேயே போய்விட்டேன்.

பூத்தில் ஒரு சத்தம் இல்லை. மேஜை மேல் போன். அது வைத்த இடத்தில் ஒழுங்காக இருக்கிறது. சுற்றி மூன்று நான்கு பேர் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பூஜைக்கு வைத்த விக்கிரகம் மாதிரி.

“காலம்பறேர்ந்து யாரோட பேசிண்டிருக்கேள் அக்கா? எப்போ போட்டாலும் எங்கேஜ்டு!” என்றேன்.

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். “எங்கேஜ்டா? போன யாரு தொட்டா? காலையில இருந்து நாங்க இது மூஞ்சியத்தான பாத்துக்கிட்டு இருக்கோம்!”

போனுக்கு மிக அருகில் உட்கார்ந்திருந்த ஓர் இளைஞர் எழுந்து நின்றார். “மாமி... நெசமாவே எங்கேஜ்டு அடிச்சுதா?” அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் என் கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

அவர் பெயர் மாரியப்பன். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை. மனைவி சொர்ணம் தலைப்பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருக்கிறாள். டாக்டர் சொன்ன நாள் தாண்டிவிட்டது. சொர்ணத்தின் வீட்டுக்கு எதிரே இருக்கும் கடையில்தான் போன். அது மழையில் செத்துப்போய்க் கிடக்கிறது. ஆக, இவர் கூப்பிட வழியில்லை. மாமியார்தான் நாங்குநேரி பூத்திலிருந்து இங்கே சொல்ல வேண்டும்.

சொல்ல வேண்டும் என்றால் பேச வேண்டும் என்று அர்த்தமில்லை. இங்கேதான் எனக்குத் தெரியாத ஒரு பெரிய சாஸ்திரம் இருந்தது.

போனை எடுக்காவிட்டால் காசில்லை அல்லவா? அதனால் சேதியை ரிங்கிலேயே சொல்லிவிடுகிறார்கள். ரயிலேறிப் போனவர் பத்திரமாகச் சேர்ந்துவிட்டால் ஊரிலிருந்து இரண்டு ரிங் விட்டு கட். மணியார்டர் கிடைத்துவிட்டால் ஒரு ரிங். பூத்காரர் முறைப்பார், முறைக்கட்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நேரம் உண்டு. இந்த நேரத்தில் அடித்தால் இன்னார் வீடு என்று அக்கா கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். இத்தனை வருஷமாகப் போகிறேன், வருகிறேன். அந்தப் போன் அடித்து அடித்து நிற்கும். ராங் நம்பர் போல என்று நினைத்திருக்கிறேன். அத்தனையும் சேதி! தந்தி ஆபீஸ் தோற்றது போங்கள்.

மாரியப்பன் வீட்டுக்கு வைத்திருந்த கணக்கு இது. வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு ரிங். குழந்தை பிறந்து, தாயும் பிள்ளையும் சௌக்கியம் என்றால் இரண்டு ரிங். இரண்டிலும் போனை எடுக்கக் கூடாது. மூன்றாவது ரிங் அடித்தால் எடுக்கணும். மூன்றாவது ரிங் அடித்தால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

பிரசவ வலி நேரம் பார்த்தா வரும்? எந்த நேரத்திலும் வரலாம். அப்போது அடிப்பது மாரியப்பன் வீட்டு ரிங்கா, வேறு வீட்டு ரிங்கா என்று எப்படித் தெரியும்? அதற்கும் அந்தச் சந்து ஒரு வழி செய்தது. மாரியப்பன் வீட்டுச் சேதி வரும் வரை வேறு யாரும் ரிங் விட்டு கட் பண்ணக் கூடாது என்று ஒவ்வொரு வீடும் தன் ஊருக்குச் சொல்லி அனுப்பிவிட்டது. யோசித்துப் பாருங்கள். ஒரு சந்து முழுக்க, தங்கள் ஊர்ச் சேதியையெல்லாம் நிறுத்தி வைத்துவிட்டு, ஒரு குழந்தைக்காகப் போனைக் காலி பண்ணிக் கொடுத்திருக்கிறது! எங்கள் கட்டடத்தில் லிஃப்டைக் காலி பண்ணித் தர ஆள் கிடையாது.

“ரெண்டு நாளா ஒரு போனும் வரல மாமி,” என்றார் அக்கா. “சொன்ன பேச்ச ஊருல எல்லாரும் கேட்டு நடக்காங்க போலன்னு நெனச்சு சந்தோசப்பட்டேன். நம்ம சனமாவது, சொன்ன பேச்சு கேக்கதாவது! அங்கனயே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்.”

ரிங் வரவில்லை என்றால் வலி எடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்த மாரியப்பனுக்கு, என் ஒரு வார்த்தையில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. ரிங் வந்திருக்கலாம். இவருக்குக் கேட்காமல் போயிருக்கலாம். ஒன்றா, இரண்டா, மூன்றா?

“மூணா இருந்தா?” என்றார் மாரியப்பன். 

நான் முதலில் புகார் நம்பருக்குப் போட்டேன். அதே போனிலிருந்துதான்! வெளியே போகும் கால் எல்லாம் ஜம்மென்று போகிறது. “லைன் ஓகே மேடம்,” என்றார் அந்தப் பக்கத்தில் ஒருவர். அவர் சொன்னது பொய்யும் இல்லை. லைன் ஓகேதான்.

அப்போதுதான் வித்யா ஞாபகம் வந்தாள். செம்பூரில் இருக்கும் என் பழைய சிநேகிதியின் பெண். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஜூனியர் இன்ஜினியர். போட்டேன்.

“வித்யா, ஒரு ஐ.எஸ்.டி.என். லைன்...”

“அவுட்கோயிங் போறதா ஆன்ட்டி?”

“அதுலேர்ந்துதாண்டி பேசறேன்!”

“இன்கமிங்?”

“எங்கேஜ்டு. சும்மா இருக்கறச்சயே எங்கேஜ்டு.” மாரியப்பன் விஷயத்தையும் சொன்னேன்.

எந்தச் சந்து என்று வழி கேட்டுக்கொண்டாள். அப்புறம், “டியூட்டி முடிஞ்சு நேரா வரேன். டப்பாவை யாரும் தொடாதீங்கோ ஆன்ட்டி. முக்கியமா நீங்க.”

இது அவள் ஏரியா இல்லை. அவள் வேலையும் இல்லை. புகார் புத்தகத்தில் இப்படி ஒரு புகாரே கிடையாது. ஆனாலும் சாயங்காலம், சயான் ஸ்டேஷனிலிருந்து கணுக்கால் தண்ணீரில் நடந்து வந்தாள். ஒரு கையில் டிபன் பை, இன்னொரு கையில் கம்பி ஒடிந்த குடை, சல்வார் முழங்கால் வரை சேறு. வந்தவள் துண்டு கேட்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. “டப்பா எங்கே?” என்று கேட்டாள்.

முதலில் தன் மொபைலை எடுத்து எக்ஸ்சேஞ்சில் இருக்கும் சக ஊழியருக்குப் போட்டாள். “பாட்டீல், ஜரா ட்ரேஸ் லகா நா...” — அக்கா நம்பருக்கு வரும் கால் எதுவரை போகிறது என்று பார்க்கச் சொல்கிறாள். என்னைப் பக்கத்து பூத்துக்கு ஓடி அக்கா நம்பருக்குப் போடச் சொன்னாள். ஓடினேன். எங்கேஜ்டு. திரும்பி வந்தால் வித்யா தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

“எக்ஸ்சேஞ்ச் கதவைத் தட்டறது ஆன்ட்டி. உள்ளேர்ந்து யாரும் ‘யாரு’ன்னு கேக்கல. கொஞ்ச நேரம் பாத்துட்டு, போட்டவாளுக்கு எங்கேஜ்டு மாதிரி ஒரு டோன் குடுத்துடறது.”

“அப்ப ஊருல உள்ளவங்களுக்கும் எங்கேஜ்டுதானா?” என்றார் அக்கா.

“ஹாங் அக்கா.”

“நம்ம போனு எப்பவும் எங்கேஜ்டுதானன்னு அவங்களும் விட்டுருப்பாங்க...” என்று அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

வித்யா டப்பாவைக் கம்ப்யூட்டரோடு கேபிளில் இணைத்தாள். திரையில் வரிசையாக என்னென்னவோ வந்தது. நான் எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் அவள் நான்கு பக்கம் தாண்டிப் போய்விட்டாள். எக்ஸ்சேஞ்ச் வகை ஐரோப்பா — சரி. விளக்கு — சரி. அவள் வேலை செய்வதைப் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. அவசரமே இல்லை. பின்னால் ஒரு மனுஷர் விரலை நெரித்துக்கொண்டு நிற்பது அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அவசரப்படவில்லை என்று நினைக்கிறேன். ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, சரி என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு, அடுத்த வரிக்குப் போனாள்.

ஓர் இடத்தில் விரல் நின்றது.

“அக்கா, உங்க நம்பர் சொல்லுங்க.”

“ஜீரோ டூ டூ...” என்று அக்கா ஆரம்பித்து மடமடவென்று ஒப்பித்தார்.

வித்யா திரும்பினாள். “நீங்க சொல்லுங்க பாய்சாப்,” என்றாள் மாரியப்பனிடம்.

“ஜீரோ டூ டூ...”

ஜெராக்ஸ் எடுக்க ரேஷன் கார்டோடு நின்றிருந்த ஒருவரைப் பார்த்தாள். அவர் எதற்கு என்று கேட்காமலேயே, “ஜீரோ டூ டூ...” என்று தொடங்கினார்.

வித்யா நாற்காலியில் சாய்ந்து சிரித்தாள். “அரே, நீங்க இருக்கறது பம்பாய்தானே? பம்பாய்ல இருந்துண்டு பம்பாய் நம்பருக்கு யாராவது எஸ்.டி.டி. கோடு ஜீரோ டூ டூ போடுவாளா?”

அக்காவுக்குக் கேள்வியே புரியவில்லை. “பம்பாயில இருந்து எங்களுக்கு யாரும்மா போன் போடுதா? இங்கன உள்ளவங்க வாசல்ல வந்து சத்தம் போடுவாங்க. போனு ஊருல உள்ளவங்களுக்குத்தான. அவங்க ஜீரோ டூ டூ போட்டாத்தான எங்களுக்கு வரும்?”

எனக்குச் சுரீர் என்றது. இந்த நம்பருக்கு மும்பையிலிருந்து போன் செய்யும் ஒரே ஜீவன் நான்தான்! பல வருஷமாக இங்கேயே இருந்தாலும் இவர்களுடைய போன் நம்பர் ஊரில் நிற்பவர்களின் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறது. டப்பா, உன் நம்பர் என்ன என்று கேட்டபோது, அக்கா தன் வாயில் எப்போதும் வருகிற நம்பரைச் சொன்னார். தட்டியவர் அப்படியே தட்டிவிட்டார். டெஸ்ட் செய்தபோதும் யாருக்குப் போட்டார்கள்? ஊருக்கு! உள்ளே வருகிறதா என்று பார்க்க மும்பையிலிருந்து ஒரு போன் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை.

“அது சரிடி, ஊரிலேர்ந்து போடறவா ஜீரோ டூ டூ சேர்த்துத்தானே போடறா? அப்பறம் ஏன் பொருந்தலை?” என்றேன். எனக்கும் கொஞ்சம் புத்தி உண்டு என்று காட்ட வேண்டாமா?

“அந்த ஜீரோ டூ டூ பம்பாயைக் கண்டுபிடிக்கறதுக்கு மட்டும்தான் ஆன்ட்டி. இங்கே வந்ததும் அதோட காம் கதம், வேலை முடிஞ்சுது. கவர் மேல பம்பாய்னு எழுதியிருக்கும். அதுக்காகப் போஸ்ட்மேன் உங்க வாசல்ல வந்து ‘பம்பாய், பம்பாய்’னு கத்துவாரா? உங்க பேரைத்தானே கூப்பிடுவார்? எக்ஸ்சேஞ்ச் இந்த டப்பாகிட்ட வெறும் நம்பரைத்தான் சொல்றது. டப்பா தன் நம்பர் ஜீரோ டூ டூன்னு ஆரம்பிக்கறதுன்னு நினைச்சிண்டிருக்கு. அதனால, இது யாருக்கோ, எனக்கில்லைன்னு சும்மா இருக்கு. பேசாரா, பாவம்... ரொம்ப நேர்மையான டப்பா!”

“வெளியே மட்டும் எப்படிப் போறது?”

“கம்பி யாரோடதுன்னு எக்ஸ்சேஞ்சுக்குத் தெரியும். வெளியே போறச்ச டப்பா என்ன பேர் சொல்லிண்டாலும் அது கேர் பண்ணாது.”

அவ்வளவுதான் விஷயம். மூன்று எண்கள். அந்த மூன்று எண்களுக்குப் பின்னால் ஒரு பெண்ணும் ஒரு குழந்தையும் எப்படி இருக்கிறார்கள் என்று தெரியாமல் ஒரு மனுஷர் நின்றுகொண்டிருந்தார்.

வித்யா அந்த நம்பரை முழுக்க அழித்தாள். அழித்துவிட்டு நிறுத்தினாள். “அக்கா, ரெண்டு மாதிரி பண்ணலாம். சரியான நம்பர் போட்டா, அதுக்கு வர்ற காலுக்கு மட்டும் அடிக்கும். காலியா விட்டா, இந்தக் கம்பியில எது வந்தாலும் யாருக்குன்னு கேக்காம அடிக்கும். எது வேணும்?”

அக்கா யோசிக்கவே இல்லை. “எனக்குன்னு எந்தப் போனும்மா வருது? வர்றது பூராம் மத்தவங்களுக்குத்தான். காலியாவே விடு.”

வித்யாவின் கை ஒரு நிமிஷம் கீபோர்டு மேல் அப்படியே இருந்தது. பிறகு காலியாகவே விட்டு, ஸேவ் செய்தாள். டப்பாவை அணைத்துப் போட்டாள். விளக்கு மினுக்கி, நின்று எரிந்தது. தன் மொபைலிலிருந்து நம்பரைப் போட்டாள்.

போன் அடித்தது!

என்னமோ போனையே அன்றுதான் கண்டுபிடித்த மாதிரி சந்தில் ஒரே ஆரவாரம். யாரோ விசில் அடித்தார்கள். நானும் கைதட்டினேன். மாரியப்பன் மட்டும் சிரிக்கவில்லை. அடித்தது வித்யாவின் போன் என்று அவருக்குத் தெரியுமே.

சாய் வந்தது. வித்யா டிபன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், ஆனால் கிளம்பவில்லை. போகச் சொல்லி அக்காவும் வற்புறுத்தவில்லை. மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. நான் பத்தியை அனுப்ப வந்தவள் என்பதே எனக்கு மறந்துவிட்டது.

பாதி சாயில் போன் அடித்தது.

ஒன்று. எல்லாருடைய கையும் நின்ற இடத்தில் நின்றது. எடுக்கக் கூடாது. ஒரு ரிங்கில் நின்றால் வலி எடுத்திருக்கிறது, கிளம்ப வேண்டியதுதான்.

நிற்கவில்லை.

இரண்டு. மாரியப்பன் போனையே பார்த்தபடி, கட் பண்ணு, கட் பண்ணு என்று உதட்டை அசைத்தார். இங்கே நின்றுவிட்டால் தாயும் பிள்ளையும் சௌக்கியம். அந்த இரண்டாவது ரிங்குக்கும் அடுத்ததுக்கும் நடுவில் இருந்த இடைவெளி மாதிரி நீளமான ஒன்றை நான் என் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

மூன்று.

 மாரியப்பனின் கை போன் வரை போய், அதைத் தொடாமல் திரும்பி வந்தது. “அக்கா... நீங்க எடுங்க,” என்றார். 

அக்கா எடுத்தார். “யாரு?” என்றார். அவ்வளவுதான், அதற்குமேல் பேச அவருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. கொஞ்ச நேரம் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் மெதுவாக ரிசீவரைக் காதிலிருந்து விலக்கி எங்கள் பக்கம் நீட்டினார்.

ரிசீவருக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் சந்தைக் கிழித்தது. “ஏ செண்பகம்! அப்படி யாருகூடத்தான் பேசிட்டுக் கெடக்க? ரெண்டு நாளா எங்கேஜ்டு, எங்கேஜ்டு! பொறந்த புள்ள கண்ணு முழிச்சு எங்கள எல்லாம் அடையாளம் கண்டுக்கிட்டு, அப்பனுக்கு இன்னும் சேதி போய்ச் சேரல! பொம்பளப் புள்ள! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க! ரிங்குக் கணக்கும் மண்ணாங்கட்டியும்... தூக்கி ஒடப்புல போடு! அந்த மனுசன் எங்க? குடு அவர்கிட்ட!”

மாமியார்! இரண்டு நாளாக ரிங் விட முயன்று முயன்று, கடைசியில் மணி அடித்ததும் ஆத்திரத்தில் கணக்கையே மறந்துவிட்டு அடிக்க விட்டிருக்கிறார்.

மாரியப்பன் ரிசீவரை வாங்கினார். “அத்தை,” என்றார். அதற்குமேல் பேசவில்லை, அழுதார். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். வித்யா டப்பாவில் ஏதோ பார்ப்பது போலக் குனிந்துகொண்டாள். நானும் அழுதேன். உங்களிடம் மறைப்பானேன்?

அப்புறம் வித்யாதான் என் தோளைத் தட்டினாள். “ஆன்ட்டி, உங்க ஆர்ட்டிகிள்?” ஃப்ளாப்பியைப் போட்டேன். அந்தப் பக்கம் மாரியப்பன், புள்ள யாரு ஜாடை, முடி இருக்கா என்று மாமியாரைக் குடைந்துகொண்டிருந்தார். இந்தப் பக்கம், அதே கம்பியில், அதே நேரத்தில், என் பத்தி சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒன்றுக்கொன்று இடிக்கவில்லை. ஐ.எஸ்.டி.என். என்றால் என்ன என்று எனக்கு அப்போதுதான் நிஜமாகப் புரிந்தது.

நீங்கள் சென்ற வாரம் படித்த பத்தியோடு கூடவே ஓர் அப்பாவின் முதல் அழுகையும் சிரிப்பும் வந்தது. கவனித்தீர்களா?

ஊரில் கெட்டிக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தன் வேலை இல்லாத வேலைக்குச் சேற்றில் நடந்து வந்து, சாய் ஆறும்வரை கூடவே உட்காருகிற கெட்டிக்காரர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. வித்யாவிடம் இதைச் சொன்னால், “க்யா ஆன்ட்டி, மூணு டிஜிட் அழிச்சேன்,” என்கிறாள். தமிழ் படிக்க வராது அவளுக்கு. அதனால் தைரியமாக இங்கே புகழ்ந்துவிட்டேன்.

மாரியப்பன் மறுநாளே ரயிலேறிவிட்டார். சேர்ந்ததும் இரண்டு ரிங் வந்ததாம், சரியாக நின்றதாம். அதைச் சொல்லிச் சிரித்த அக்காவிடம் நேற்று வேண்டுமென்றே கேட்டேன்: “அக்கா, உங்க நம்பர் என்ன?”

“என்ன மாமி, தெரியாத மாதிரி கேக்கிய? ஜீரோ டூ டூ...”

திருந்தியது டப்பா மட்டும்தான்.